அப்பாவின் கில்ட் பச்சையா, சிவப்பா

பால்நெட்டி கிராமம்,
படகுகள் கடலுக்குப் போகாத ஒரு திங்கட்கிழமை.

நியூசிலாந்து தேசம் இன்வர்கார்கில் நகரத்தில் நல்ல பேரோடும் ஆட்டுப் பண்ணையோடும் தீராத கோபத்தோடும் வாழ்ந்துவருகிற என் மரியாதைக்குரிய அக்கா பெத்தியாவின் சமூகத்துக்கு, ஒரே தம்பி வாட்டி பிளைக்கி பணிவோடு எழுதுவது. இங்கே நான், ரோனா, மீன் வண்டி மூவரும் சௌக்கியம். வண்டிக்கு மட்டும் கிளட்சில் கொஞ்சம் சளி. அங்கே நீயும் அத்தானும் ஆடுகளும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோயிலில் கேட்டுக்கொள்கிறேன், தூங்காத ஞாயிறுகளில். நான் நாலு வரிக்கு மேல் எழுதுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னை உள்ளே உட்கார வைத்ததைவிட வெளியே நிற்க வைத்ததுதான் அதிகம். போனில் சொல்லிவிடலாம் என்றால் "சிவப்பு" என்று நான் வாயைத் திறக்கும் முன்பே நீ போனை வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். கிழித்துப் போடுவதாக இருந்தால் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

ஐம்பத்து மூன்று வயதில் எனக்கும் ரோனாவுக்கும் கல்யாணம் என்பதை ஊர் இன்னும் நம்பவில்லை. ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை, நம் ஊர்க் கோயிலில். ரோனாவின் பக்கத்திலிருந்து இரண்டு பேருந்து நிறைய ஆட்கள் வருகிறார்கள். என் பக்கத்துக்கு ஒரு முழு நீளப் பெஞ்சு ஒதுக்கியிருக்கிறார் பாதிரியார். அதில் உட்கார எனக்கு உலகத்தில் இருக்கிற ரத்த உறவு நீ ஒருத்திதான். நீயோ, "அப்பாவோட பச்சைக் கில்ட்டைப் போட்டா வர்றேன், செவப்புப் போட்டா விமானப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாய். அந்தக் கில்ட் பாவாடை இல்லாமல் பேன்ட் போட்டுக்கொண்டு நிற்கிறேனே என்று ரோனாவிடம் கேட்டுப் பார்த்தேன். தன் கடை எண்ணெய்ச் சட்டியிலிருந்து மீனை எடுத்துக்கொண்டே, "பேன்ட்ல வந்தா மாப்பிள்ளைன்னு எவன்யா நம்புவான், எங்க அத்தைங்க எல்லாம் உன்னச் சுத்தி நின்னு மீன் என்ன விலைன்னு கேப்பாங்க" என்றாள். அப்பாவுடையது இப்போது நம்மிடம் இல்லை, ஆக, கில்ட் தைத்தே ஆகவேண்டும். தைக்க வேண்டும் என்றால் எந்தக் கட்டம் போட்ட துணி என்று முடிவு செய்தே ஆகவேண்டும்.

அப்பா சொன்னது உனக்கு நினைவிருக்கும். "இது பிளைக்கி வம்சத்துக் கட்டம்டா. பைப் வாத்தியக் குழுவுல மத்தவனெல்லாம் இதைப் போடறான்னா என் மேல இருக்கற மரியாதை" என்பார். குழுவுக்குத் தலைவர் அவர், சொன்னால் நம்பாமல் என்ன செய்வது. இரண்டு பேரும் நம்பினோம். ஆனால் நீ அந்தக் கட்டம் பச்சை என்கிறாய், கறுப்புப் பசும்பச்சை, நடுவில் ஒரு சிவப்புப் பட்டை. நான் சிவப்பு என்கிறேன், சுட்ட செங்கல் மாதிரி முழுச் சிவப்பு. பார்த்தவர்களில் நம் வீட்டில் மிச்சம் இரண்டே பேர், அதில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டது. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ போனில் "உனக்குச் சின்ன வயசுலேயே நெறம் தெரியாது" என்றாய். நான் "உனக்கு அங்கே தலைகீழா நின்னு நின்னு ரத்தம் மூளைக்கு ஏறிடுச்சு" என்றேன். அதோடு அன்றைய பேச்சு நின்றது. சரி, இனி நம் இருவரையும் கேட்க வேண்டாம், மூன்றாம் மனிதரைக் கேட்போம் என்று வண்டியைக் கழுவி, சட்டை மாற்றி, எடின்பரோவுக்கே போனேன்.

அங்கே கோட்டைக்குப் போகிற தெருவில் ஒரு பெரிய கடை. உள்ளே கில்ட், கில்ட் போட்ட பொம்மை, கில்ட் போட்ட குடை. ஒரு பெண் கணினி முன் உட்கார்ந்திருந்தாள். பேரைச் சொன்னால் எந்த வம்சம், அதற்கு எந்தக் கட்டம் என்று சொல்லும் கணினியாம்.

"பேரு?"

"பிளைக்கி."

தட்டிப் பார்த்தாள். "அப்படி ஒரு கட்டமே இல்லீங்களே."

"நல்லாத் தட்டிப் பாரும்மா. எங்கப்பா போட்டிருந்தாரு."

"அம்மா வழிப் பேரு சொல்லுங்க."

"டோட்ஸ்."

"அதுவும் இல்ல. அப்பாவோட அம்மா?"

"அந்தம்மா யாருன்னு எங்கப்பாவே தெளிவாச் சொன்னதில்ல."

எனக்குப் பின்னால் வரிசையில் ஓர் அமெரிக்கர், ஓஹையோ மாகாணமாம், கதவளவு மனிதர், கையில் சுருட்டி வைத்த வம்சப் படம். என் முகத்தைப் பார்த்து அவருக்கு மனசு இளகிவிட்டது. தோளைத் தட்டி, "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு அஞ்சு வம்சம் வருது. ஒண்ணு வேணும்னா நீங்க வச்சுக்கங்க. சின்ன வம்சம்தான், ஆனா கோட்டை இருக்கு" என்றார்.

"கோட்டைக்குக் கூரை இருக்குதுங்களா?"

"அது எப்பவோ போயிடுச்சு."

"அப்ப வேணாங்க. ஒழுகற வீடு எனக்கே ஒண்ணு இருக்கு."

இந்த மண்ணில் பிறந்து இந்த மழையிலேயே நனைந்தவனுக்கு ஒரு முழத் துணி சொந்தமில்லை, ஓஹையோக்காரருக்கு ஐந்து. கடைப் பெண் பாவப்பட்டு, எந்த வம்சத்துக் கட்டம் பிடித்தாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு கொத்துத் துண்டுத் துணிகளைக் கொடுத்து அனுப்பினாள். கணினிக்கு அப்பாவைத் தெரியாது, அது அதனுடைய குறை என்று சொல்லிக்கொண்டே வீடு திரும்பினேன்.

மறுநாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வந்தால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். அந்தத் துண்டுகளைத் துணி கிளிப் போட்டு மீன் வண்டியின் முன்னால் வரிசையாகத் தொங்கவிட்டு, "கல்யாண மாப்பிள்ளைக்கு எது எடுப்பா இருக்கும், சொல்லிட்டு மீன் வாங்குங்க" என்று ஊர் ஊராகக் கேட்டேன். ஒருத்தராவது என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல வேண்டுமே. எல்லோரும் அவரவர் வம்சத்துக் கட்டத்தைத்தான் கைகாட்டினார்கள். ஆற்றுப்பாலத்துக் கவ் அம்மாள் நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு துண்டைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டாள்.

"வாட்டி, அதைக் கழட்டு. கழட்டினாத்தான் ஹாடக் மீனு வாங்குவேன்."

"அது என்னங்க பண்ணுச்சு?"

"அந்த வம்சத்தானுங்க எங்க மாட்ட ஓட்டிட்டுப் போனவனுங்க."

"அடடா, எப்பங்க?"

"முன்னூறு வருஷம் ஆகுது."

"மாடு திரும்பி வந்துதுங்களா?"

"வரல."

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பாருங்க" என்றேன். அவள் அதற்குப் பிறகு மீனே வாங்கவில்லை, பக்கத்து வீட்டையும் வாங்க விடவில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் பாதிரியார் வீட்டுப் பூனை ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. துணி அத்தனையும் மீன் வாடை, அதன் மேல் என்ன குற்றம். ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் ஒரு பெரிய குடும்பத்தின் மானத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து, "இது உன்னுதாப்பா" என்று கோயில் வாசலில் எல்லோர் முன்னிலும் கேட்டார்.

ரோனா அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டாள். "ஊரெல்லாம் சுத்தினது போதும். நேரா தையக்கார ராட்ரே அம்மாகிட்டப் போ. உங்கப்பா குழுவுக்குக் கில்ட் தச்சதே அவங்கம்மாதானே." அதுதான் சரி என்று எனக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் எடின்பரோவரை ஓடினேன் என்றால், போன இலையுதிர்காலத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அந்த அம்மாளின் வாசல் ரோவன் மரத்தைச் சாய்த்துவிட்டேன். தீயது எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவள் தாயார் நட்டு வளர்த்த மரம். சமாதானத்துக்குப் புகை போட்ட ஹாடக் ஒரு கட்டு எடுத்துக்கொண்டு, ரோனாவை முன்னால் விட்டு, நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கதவைத் தட்டினேன். ராட்ரே அம்மாள் வாய் நிறையக் குண்டூசியோடு திறந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"மரம் போனதுக்கப்புறம் மொத ஆளா நீதான் வந்திருக்கே" என்றாள்.

மீனை வாங்கிக்கொண்டாள், அதனால் உள்ளே விட்டாள். அடுத்த நொடியே அளவு நாடா என் இடுப்பில். "மூச்ச இழுத்துப் பிடிக்காதேடா. கல்யாணச் சாப்பாட்டுக்கப்புறம் எப்படி இருப்பியோ அப்படி நில்லு." நின்றேன். "இவ்வளவா?" என்றாள். ரோனா, "அவரு பொரிச்ச மீனு என் கடைலதான் சாப்பிடறாரு, விளம்பரம்னு வச்சுக்கங்க" என்றாள். பிறகு ராட்ரே அம்மாள் என்னை முட்டிபோடச் சொல்லி நீளம் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்பே ரோனா முன்னால் முட்டிபோட்டது ஊரில் பரவிவிட்டது, அதை விடு. என்ன கட்டம் என்று கேட்டாள். நான் நம் சண்டையைச் சொன்னேன். அவள் மாடிக்குப் போய் ஓர் அட்டைப்பெட்டியை இறக்கிவந்தாள். அப்பாவின் குழுவில் பைப் வாசித்த யாரோ ஒருவர் பக்கிள் தைக்கக் கொடுத்துவிட்டு, வாங்க வராமலே போய்ச் சேர்ந்துவிட்டாராம். பைப் வாசிக்கிற எல்லோருக்கும் ஒரே துணி, ஒரே தையல். பெட்டியைத் திறந்ததும் பூச்சி உருண்டை வாடையில் என் மீன் வாடையே தோற்றுப்போயிற்று.

"கட்டிப் பாரு" என்றாள். அவளே சுற்றி, இடுப்பில் பக்கிளை இழுத்து மாட்டிவிட்டாள். நான் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா, என் நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், பச்சை. நீ சொன்ன அதே கறுப்புப் பசும்பச்சை, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை. ஒரு வருஷமாக உன்னிடம் மல்லுக்கு நின்றவன் கண்ணாடி முன்னால் தலையைத் தொங்கப் போட்டேன்.

என் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ரோனா, "எதுக்குய்யா இப்படித் தொங்கிப் போறே, ஜெயிச்சவன் மாதிரியா இருக்கே" என்றாள்.

"எங்கடி ஜெயிச்சேன். அக்கா சொன்னதுதான். பச்சை."

"என்னது பச்சை?"

"கில்ட்டு."

"கில்ட்டு செவப்புய்யா."

"கண்ணாடி பொய்யாடி சொல்லும்?"

"கண்ணாடிய விடு. என் மூக்குக்கு ஒரு முழத்துல நிக்குது, தக்காளியாட்டம்."

"நாள் பூரா எண்ணெய்ப் புகைல நின்னு உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சு."

"உனக்குத்தான்யா மீன் கண்ணு. செத்த மீன் கண்ணு."

"இந்த மாதிரிப் பேசினா எங்கக்காவும் நீயும் சேந்து குடித்தனம் பண்ணுங்க, நான் வேணாம்."

"உங்கக்கா வரட்டும், அந்தம்மா கண்ணையும் சேத்துப் பாக்கறேன்."

ராட்ரே அம்மாள் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசி மெத்தையில் குத்தி முடித்துவிட்டு, "ரெண்டு பேரும் எடத்த மாத்திக்கிட்டுச் சண்ட போடுங்க" என்றாள்.

நான் திரும்பினேன். "அட, பச்சைதான்யா" என்றாள் ரோனா. நான் கழுத்தை வளைத்துத் தோளுக்கு மேலே கண்ணாடியைப் பார்த்தேன். பின்பக்கம் முழுச் சிவப்பு. சுட்ட செங்கல்.

"பட்டாளத்து மடிப்பு" என்றாள் ராட்ரே அம்மாள். "முன்னால துணிய விரிச்சு விட்டுடறது, கட்டம் முழுசாத் தெரியும். பின்னால மடிக்கும்போது ஒவ்வொரு மடிப்புக்கும் அந்தச் செவப்புப் பட்டைதான் வெளிய நிக்கணும்னு எடுத்து எடுத்துத் தைக்கறது. பச்சையெல்லாம் உள்ளாறப் போயிடும். எங்கம்மா கை. இப்படித் தைக்க இன்னிக்கு எவளுக்குப் பொறுமை இருக்கு, எனக்கு இருக்கு."

அக்கா, நான் அங்கேயே இன்னொரு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். "மடிப்பு கசங்கும், எந்திரிடா" என்று அவள் கத்தியதுகூடக் காதில் விழவில்லை. நான் குழுவில் டிரம் அடித்த பையன், கில்ட் பைப்காரர்களுக்கு மட்டும், எங்களுக்கு அரைக்கால் சட்டைதான். பைப் வாசிப்பவர்கள் முன்னால், டிரம் எல்லாம் பின்னால். ஏழு வயதிலிருந்து குழு கலைகிறவரை ஒவ்வொரு விளையாட்டு விழாவிலும் என் கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டு போனது அப்பாவின் பின்பக்கம்தான். உடுப்பு மாற்றுவதெல்லாம் குழுவின் கொட்டகையில், பெரியவர்களுக்குத் தனி அறை. நீயோ ரொட்டிக் கடை மூலையில் நிற்பாய். குழு மேட்டில் ஏறி வருவது தெரிந்ததும் கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு ஓடுவாய், அம்மா சலவைக்கூடத்திலிருந்து வருவதற்குள் சூப்புச் சட்டியை அடுப்பில் ஏற்ற வேண்டும் என்று. குழு உன்னைத் தாண்டிப் போனதை நீ பார்த்ததே இல்லை. நீ பார்த்ததெல்லாம் வருகிற அப்பா. நான் பார்த்ததெல்லாம் போகிற அப்பா. இதில் யார் பொய் சொன்னது, நீயே சொல்.

அப்போதே துணிக்குச் சொல்லிவிட்டேன். அதே கட்டம், அதே தையல், முன்னால் பச்சை, பின்னால் சிவப்பு. பழைய கில்ட்டின் உள்மடிப்பிலிருந்து ஒரு நகம் அகலத்துக்கு வெட்டி ராட்ரே அம்மாள் நெசவாலைக்கு அனுப்பியிருக்கிறாள், பார்த்து நெய்யச் சொல்லி. அன்றிலிருந்து எனக்கு மீன் விற்கக் கை ஓடவில்லை. கவ் அம்மாளுக்கு ஹாடக் இரண்டு இலவசமாகக் கொடுத்து, கதையை முழுக்கச் சொன்னேன். "அப்ப உங்க குடும்பம் மாடு திருடலைல்ல?" என்று சந்தேகமாகக் கேட்டாள். "எங்களுக்கு மேய்க்கவே தெரியாதுங்க" என்றேன், வாங்கிக்கொண்டாள். ரோனா தன் கடைப் பலகையில் மீன் விலைக்குக் கீழே "மாப்பிள்ளை கில்ட் முடிவாகிவிட்டது" என்று எழுதி வைத்திருக்கிறாள். உலகத்திலேயே தன் வம்சத்துக் கட்டத்தை இரண்டு பக்கமும் சரியாகத் தெரிந்து போடுகிற ஒரே மாப்பிள்ளை நான்தான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். பிளைக்கி வம்சம் என்றால் சும்மாவா. அந்த எடின்பரோக் கணினிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பப்போகிறேன், பார்த்துத் திருந்தட்டும்.

ஆகவே நீ வர வேண்டும். அந்தப் பெஞ்சில் நீ எந்த ஓரத்தில் உட்கார்ந்தாலும் சரி. என் முன்பக்கத்தைப் பார்த்தால் நீ ஜெயிப்பாய், பின்பக்கத்தைப் பார்த்தால் நான் ஜெயிப்பேன். பாட்டும் நடனமும் ஆரம்பித்து நான் சுற்றத் தொடங்கினால் யார் ஜெயித்தது என்பது கடவுளுக்கே தெரியாது.

அத்தானுக்கு என் வணக்கம். முதுகு வலிக்கு நண்டு எண்ணெய் கேட்டிருந்தார், அப்படி ஒன்று இல்லை, யாரோ அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். உன் ஆடுகள் இரட்டை இரட்டையாகக் குட்டி போடட்டும், உன் சிம்னி புகையாமல் எரியட்டும், உன் கோபம் கப்பலில் ஏறித் தொலையட்டும். ரோனா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள், கன்னத்தில் கொஞ்சம் மாவு ஒட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி, பிளைக்கி வம்சத்து
வாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் ராட்ரே அம்மாள் போன் செய்தாள். நெசவாலையில் அந்த நகத்தளவு துணியைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டார்களாம், பழைய மாதிரித் துணி அவர்களிடமே இருக்கிறதாம். என்ன பேரில் இருக்கிறது என்று கேட்டேன். பிளைக்கி பேரில் இல்லை. எந்த வம்சத்துப் பேரிலும் இல்லை. நம் பக்கத்துப் பெர்த் ஊருக்குப் போகிற வழியில் முன்னே இருந்து மூடிப்போன ஒரு வெண்ணெய் பிஸ்கட் கம்பெனியின் பேரில் இருக்கிறது. பிஸ்கட் டப்பாவில் அச்சடிக்கப் போட்ட கட்டமாம் அது. புத்தாண்டுக்குக் கம்பெனி வாசலில் வந்து வாசிக்க வேண்டும் என்ற பேச்சில் குழுவுக்குத் துணி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அப்பா நம்மிடம் மட்டும்தான் அதை வம்சம் என்றிருக்கிறார். ஆகவே மேலே நான் வம்சம் என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் நீ பிஸ்கட் என்று படித்துக்கொள். ரோனா சிரிக்கத் தொடங்கி இன்னும் நிறுத்தவில்லை, அடுப்பை நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், நடுவில் இதை எழுதுகிறேன், எண்ணெய்க் கறைக்கு மன்னிக்கவும். "வேற துணி மாத்தட்டுமாடா?" என்று ராட்ரே அம்மாள் கேட்டாள். வேண்டாம், அதையே நெய்யச் சொல்லுங்கள் என்றுவிட்டேன். கம்பெனி மூடியாகிவிட்டது, குழு கலைந்தாகிவிட்டது, இந்தக் கட்டத்துக்கு உரிமை கொண்டாட இனி உலகத்தில் மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான். இரண்டு பேரில் மூத்தவள் நீ. ரோனா கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அப்படியானால் பிஸ்கட் வம்சத்துக்குத் தலைவி நீதான் என்கிறாள். தலைவி எதிரில் உட்காராமல் அவளுடைய ஆளுக்குப் பெண் கொடுப்பது அவர்கள் பக்கத்து வழக்கத்தில் கிடையாதாம், பேருந்து இரண்டையும் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். எந்த விமானம் என்று எழுது, மீன் வண்டியோடு வந்து நிற்கிறேன்.